பழைய காது மெஷின்: இன்னும் ஓட்டலாமா, மாற்றிவிடலாமா?

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில், பால் கணக்குக்கும் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிக்கும் நடுவே, சின்னச் சின்னதாக ஆரஞ்சு நிற ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். அம்மா தன் காது மெஷினுக்குப் புது பேட்டரி போடும்போதெல்லாம், அதன் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து அன்றைய தேதியில் ஒட்டிவிடுவார். யாரும் சொல்லித் தந்ததில்லை. சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று பார்க்கிற அதே கணக்கு. மெஷின் வாங்கி ஆறாவது வருடம் "இந்த மெஷினை மாற்றிவிடலாமா" என்ற பேச்சு வந்தபோது, எங்கள் கையில் இருந்த உருப்படியான ஆதாரம் அந்த ஸ்டிக்கர்கள்தான். முன்பெல்லாம் 12 நாளுக்கு ஒன்று இருந்தது. இப்போது 6 நாளுக்கு ஒன்று.

அதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு கடையில் அந்த மெஷினுக்குக் காரியம் செய்துவிட்டார்கள். "போர்டு போயிடுச்சும்மா, இனிமே புதுசுதான்" என்று விலைப் பட்டியலை நீட்டினார்கள். மனசு கேட்காமல், காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து மெஷின் பொருத்தும் ஆடியாலஜிஸ்ட் ஒருவரிடம் எடுத்துப்போனோம். காதுக்குள் போகும் மோல்டின் துளையில் குறும்பி அடைத்திருந்தது, ட்யூப் மஞ்சளாகிக் குச்சி மாதிரி விறைத்திருந்தது. ட்யூபை மாற்றிக் கொடுத்தார். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. செத்துப்போன மெஷின் இன்னும் இரண்டு வருடம் ஓடியது.

அதனால் என் கட்சி இதுதான்: மெஷினின் வயதைக் கடைசியில் பாருங்கள். முதலில் அழுக்கு, பிறகு பேட்டரி, அதன் பிறகு காது, அப்புறம் செட்டிங், அதற்கும் பின்னால்தான் பழுதும் விலையும். இந்த வரிசை மாறினால் தேவையில்லாமல் பணம் போகும். இல்லாவிட்டால், மாற்ற வேண்டிய மெஷினை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வருடக்கணக்கில் பேச்சுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

எதற்கும் முன்னால் ஒன்று

நேற்றுவரை கேட்ட காது இன்று திடீரென்று கேட்கவில்லை என்றால், அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்றால், மெஷினைக் கழற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே இ.என்.டி டாக்டரிடம் போங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் மீளும் வாய்ப்பு அதிகம். காதில் வலி, சீழ், கூடவே தலைசுற்றல் என்றாலும் அப்படித்தான். இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாமே, கேட்பது மெல்ல மெல்லக் குறைந்தவர்களுக்கு.

படி 1: அழுக்கும் ஈரமும்

முதலில் உங்கள் மெஷின் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, பிளாஸ்டிக் ட்யூப் வழியாக மோல்டுக்குச் சத்தம் அனுப்புவது ஒரு வகை. அம்மாவுடையது அதுதான். பின்னால் உட்கார்ந்தாலும் மெல்லிய ஒயரின் நுனியில் ஸ்பீக்கரைக் காதுக்குள்ளேயே வைப்பது இன்னொன்று, அந்த ஸ்பீக்கரை ரிசீவர் என்பார்கள். முழுசாகக் காதுக்குள்ளேயே அடங்கிவிடும் சின்ன மெஷின்களும் உண்டு.

மோல்டு இருந்தால் அதை ட்யூபோடு மெஷினிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு விட்டுக் கழுவுங்கள். ட்யூபுக்குள் நிற்கும் தண்ணீரைச் சின்ன ரப்பர் பம்பால் ஊதி வெளியேற்றி, இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் மாட்டுங்கள். மெஷினின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, அதை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். விறைத்துப்போன ட்யூபை மாற்றிவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அது எப்படியும் விறைத்துவிடும். ரிசீவர் உள்ளே போகும் வகை என்றால் நுனியில் பொட்டு அளவுக்கு ஒரு வெள்ளை வடிகட்டி இருக்கும், வாக்ஸ் கார்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். "சத்தமே வரல" என்று வரும் மெஷின்களில் எத்தனையோ இந்தப் பொட்டை மாற்றியதும் பேச ஆரம்பித்துவிடும்.

சேலையில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றித் துளையைக் குடைவது நம் வீடுகளில் அனிச்சையாக நடப்பது. அம்மாவின் கையிலிருந்து எத்தனை முறை பிடுங்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. உள்ளே ஜவ்வு மாதிரி இருக்கும் பகுதியை ஊக்கு கிழித்துவிட்டால் ரிசீவர் போச்சு. மெஷினோடு வந்த குட்டி பிரஷ் போதும்.

ஈரம்தான் நம்மூரில் பெரிய எதிரி. எங்களுக்கு நாகப்பட்டினம், உப்புக்காற்று வேறு. தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு மெஷினை மாட்டுவது, எண்ணெய்க் குளியல் முடிந்து ஈரத் தலையோடு மாட்டுவது, இரண்டுமே மைக் துளையை அடைத்துவிடும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூடுங்கள். நீல ஜெல் வெளிர்சிவப்பாக மாறினால் ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்ற வேண்டும். நனைந்த செல்போனைப் போடுவதுபோல அரிசி டப்பாவில் போடாதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போய்விடும். வெயிலில் காயவைப்பதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் வேண்டாம்.

இதையெல்லாம் ஒரு வாரம் செய்து பாருங்கள். சரியாகிவிட்டால் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

படி 2: பேட்டரி சொல்லும் கதை

காது மெஷின் பேட்டரிகள் காற்றை வாங்கி வேலை செய்பவை. ஸ்டிக்கரை உரித்ததும் துளை வழியாகக் காற்று உள்ளே போய்த்தான் மின்சாரம் பிறக்கும். உரித்த உடனே கதவைச் சாத்தாமல் ஓரிரு நிமிடம் வெளியில் வைத்திருந்துவிட்டுப் போடுங்கள். ஸ்டிக்கரின் நிறம் அளவைச் சொல்லும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். எந்தக் கம்பெனி வாங்கினாலும் இந்த நிறம் மாறாது.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் மெஷின்மேல் பழி போடுவதற்கு முன் அட்டையில் தேதியைப் பாருங்கள். பழைய சரக்கு மலிவாக வரும், சீக்கிரமாகவும் தீரும். வேறு கடையில், வேறு கம்பெனி அட்டை ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதுவும் பாதி நாளில் தீர்ந்தால் பேட்டரிக் கதவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பித் தொடுமுனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது. சில சமயம் சுத்தம் செய்தால் சரியாகும், சில சமயம் உள்ளே சர்க்யூட் வரை அரித்திருக்கும். நாட்கள் குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காது மந்தமாக ஆக, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். கூடிய சத்தத்துக்குக் கூடிய மின்சாரம். அம்மா விஷயத்தில் அதுதான் நடந்திருந்தது. ஆனால் அப்போது எங்களுக்கு அது தெரியாது.

சார்ஜ் போடும் மெஷினில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. நாலைந்து வருடத்தில் தாங்கும் நேரம் குறைவது இயல்பு. காலையில் மாட்டியது சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கே கண்ணை மூடினால், பேட்டரியை மட்டும் கம்பெனி சர்வீசில் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். சில மாடல்களில் முடியும்.

தீர்ந்த பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி போட்டுவைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் ஆபத்து.

படி 3: வீட்டிலேயே ஆறு ஒலிகள்

புது பேட்டரி போட்டு, மெஷினை உள்ளங்கையில் குவித்து மூடுங்கள். 'ஙொய்ய்' என்று கூவினால் உயிர் இருக்கிறது. கூவலே இல்லையென்றால் அடைப்போ பழுதோ இருக்க வேண்டும். (கூவலை அடக்கும் வசதியுள்ள புது மெஷின்கள் லேசாகத்தான் கூவும்.)

அடுத்தது, காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் தினமும் செய்கிற சோதனை. மெஷின் போட்டவரை உங்கள் வாய் தெரியாதபடி திரும்பி உட்காரச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று, சாதாரணக் குரலில், ஒவ்வொன்றாக: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், நடுவே சும்மாவும் இருங்கள். கேட்டதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ம்' சுருதியின் அடியில் இருக்கும் ஒலி, 'ஸ்' உச்சத்தில் இருக்கும் ஒலி. பேச்சில் வரும் சுருதிகள் எல்லாம் ஏறக்குறைய இந்த ஆறுக்குள் அடங்கிவிடும்.

அம்மாவுக்கு முதல் நாலும் டாண் டாண் என்று வந்தன. 'ஷ்' சொன்னால் "ஏதோ காத்து மாதிரி" என்றார். 'ஸ்' சொன்னபோது இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டு, "என்னடி, சொல்லேன்" என்றார்.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. வீட்டில் தினம் நடக்கும் சண்டைகளுக்கெல்லாம் இதுதான் காரணம். தட்டை எடுத்து வரச் சொன்னால் சட்டையோடு வருவார். சொன்னால், "மெஷின் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறீங்க" என்பார். சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. உயிரெழுத்தின் கனத்தில் சத்தம் வந்துவிடும். சொல்லைச் சொல்லாக ஆக்கும் ச, த, க எல்லாம் மேல் சுருதியில், மெல்லிய சத்தத்தில் இருப்பதால் உதிர்ந்துவிடும்.

மாதம் ஒருமுறை இதைச் செய்து, எந்த ஒலி போயிற்று என்று எழுதி வையுங்கள். போன மாதம் வந்த 'ஸ்' இந்த மாதம் வரவில்லை என்றால், முதலில் அடைப்பைப் பாருங்கள். அடைப்பு இல்லையென்றால் அடுத்த படி.

படி 4: மெஷினுக்கு முன்னால் காதைக் காட்டுங்கள்

மெஷினை விற்பவரிடம் போகும் முன் இ.என்.டி டாக்டரிடம் போங்கள். காதுக்குள் குறும்பி கட்டியாக அடைத்திருந்தால் எந்த மெஷின் போட்டாலும் கேட்காது. மோல்டு போடுகிறவர்களுக்கு அது உள்ளே தள்ளப்பட்டு இன்னும் சீக்கிரம் சேரும். குறும்பியை எடுத்த பிறகே ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து தாளில் கோடாகப் போட்டுத் தரும் சோதனை.

ஆடியோகிராம் தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இடமிருந்து வலமாகச் சுருதி, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை. மேலிருந்து கீழாகச் சத்தத்தின் அளவு, டெசிபலில். கோடு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு இழப்பு. மெஷின் வாங்கிய சமயத்துப் பழைய தாளைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், இது மிக முக்கியம். எங்கள் வீட்டில் அது ரேஷன் கார்டோடு ஒரே கவரில் இருந்தது. ஆறு வருடம் முன்பு இரண்டு காதிலும் சராசரி 55 டெசிபல் பக்கம் இருந்த அம்மாவுக்கு, இப்போது 70ஐத் தாண்டியிருந்தது.

சுருதிச் சோதனையோடு நிறுத்தாமல், பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். வசதியான சத்தத்தில் சொற்களைச் சொல்லி, எத்தனை சதவீதம் சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று பார்ப்பார்கள். தமிழ்ச் சொற்களை வைத்துத்தான் செய்ய வேண்டும். இந்தச் சதவீதம் நன்றாக இருந்தால் பொருத்தமான மெஷின் கைகொடுக்கும். மிகவும் குறைவாக இருந்தால், லட்ச ரூபாய் மெஷினும் சத்தத்தைத்தான் கூட்டும், தெளிவைத் தராது. அப்படிப்பட்டவர்கள், ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் பற்றி டாக்டரிடம் பேச வேண்டியிருக்கலாம். வாங்கியபின் "இதுவும் உதவாக்கரை" என்று மேஜை இழுப்பறையில் போடுவதைவிட, முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

படி 5: பழைய மெஷினிலேயே செட்டிங் மாற்றிப் பார்ப்பது

டிஜிட்டல் மெஷினை ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் இணைத்து, எந்தச் சுருதியை எவ்வளவு தூக்க வேண்டும் என்று அமைக்கிறார். காது மாறினால் அமைப்பும் மாற வேண்டும். நாலு வருடம் முன்பு போட்ட கண்ணாடிப் பவரையே போட்டுக்கொண்டு "கண்ணாடி சரியில்லை" என்று சொல்லமாட்டோம் அல்லவா? மெஷின் விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

போகும்போது இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "இந்த ஆடியோகிராம் இந்த மெஷினின் ஃபிட்டிங் ரேஞ்சுக்குள் வருகிறதா?" ஒவ்வொரு மாடலும் எவ்வளவு இழப்பு வரை சமாளிக்கும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. கம்பெனி அதை ஆடியோகிராம் தாளின் மேலேயே நிழல் போட்டுக் காட்டியிருக்கும். உங்கள் கோடு அந்த நிழலுக்குள் இருந்தால் செட்டிங் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். வெளியே போய்விட்டால், மெஷின் நேற்று வாங்கியதாக இருந்தாலும் பயனில்லை. மாற்றுவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எதுவும் கிடையாது.

ஒரு விதிவிலக்கு: ரிசீவர் காதுக்குள் போகும் வகையில், பல மாடல்களில் உடலை அப்படியே வைத்துக்கொண்டு ரிசீவரை மட்டும் அதிக பவர் உள்ளதாக மாற்றலாம். சில ஆயிரங்களில் முடிகிற வேலை. கேட்காமல் அவர்களாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அம்மாவின் கோடு மேல் சுருதியில் நிழலைத் தாண்டியிருந்தது. அதோடு முடிவு தெரிந்துவிட்டது.

படி 6: பழுதா, புதுசா?

நிழலுக்குள் இருக்கிறது, ஆனால் மெஷின் பழுது என்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு. வாரண்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சர்வீசுக்குக் கொடுங்கள். வாரண்டி முடிந்திருந்தால், அதே தரத்தில் புதுசு என்ன விலை என்று கேட்டு, பழுதுச் செலவு அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் புதுசுதான் வாங்குவேன். இது என் கணக்கு, சட்டம் இல்லை. பழுது பார்த்ததற்கு ஆறு மாதமாவது வாரண்டி தருகிறார்களா என்றும் கேளுங்கள். ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாக சர்வீசுக்குப் போகிறது என்றால் அது கிளம்ப நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வயது இங்கேதான் வருகிறது. மூன்றிலிருந்து ஏழு வருடம் என்பது பொதுவான ஆயுள். பராமரிப்பு நன்றாக இருந்தால் அதையும் தாண்டும். ஆனால் மாடல் நின்றுபோய் சில வருடங்கள் ஆனால் உதிரி பாகம் கிடைக்காது, அதை இணைக்கும் கேபிளும் பழைய சாஃப்ட்வேரும்கூடப் பல இடங்களில் இருக்காது. "5 வருஷம் ஆச்சு, மாத்திடுங்க" என்பவரிடம், "எந்த பாகம் கிடைக்காது?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வந்தால் நியாயம். வராவிட்டால் விற்பனை.

படி 7: வாழ்க்கை மாறியிருக்கிறதா?

மெஷினும் காதும் அப்படியே இருக்க, தேவை மட்டும் மாறியிருக்கும். பேரன் வெளிநாடு போய் வீடியோ காலில்தான் பேசுகிறான், ப்ளூடூத் இருந்தால் அவன் குரல் நேராகக் காதுக்குள் வரும். விரல் நடுங்குகிறது, 312 பேட்டரி கையில் நிற்காமல் உருண்டு கட்டிலுக்கு அடியில் போகிறது, சார்ஜ் போடும் மெஷின் அவருக்கு விடுதலை. இவையும் நியாயமான காரணங்களே. சும்மா வீட்டில் இருவர் மட்டும் பேசிக்கொள்ளும் வாழ்க்கைக்கு, சுருதிகளை 20 பங்காகப் பிரித்து அமைக்கும் 20 சேனல் மெஷின் தேவையில்லை.

மாற்றுவது என்று முடிவானால்

ஒரு காதுக்கு பத்துப் பதினைந்தாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் விலை போகிறது. காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி கிடையாது, பில்லில் பாருங்கள். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு வருவது வெறும் சத்தப் பெருக்கி, அதைக் காதுக்கேற்ப அமைக்க முடியாது, வேண்டாம். பொருத்துபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்டா என்று கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, மெஷின் தரும் சத்தம் செவிப்பறைக்கு அருகில் எவ்வளவு வருகிறது என்று அளந்து அமைக்கும் முறை இருக்கிறது. அந்த வசதி உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நடுத்தர விலை மெஷினை இப்படி அளந்து பொருத்துவது, விலை உயர்ந்ததை அளக்காமல் மாட்டிவிடுவதைவிட மேல். வேறு ஊருக்குப் போனால் வேறு ஆடியாலஜிஸ்ட் இதன் செட்டிங்கை மாற்ற முடியுமா, இல்லை இந்தக் கடையில் மட்டும்தான் திறக்குமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சில நாள் வீட்டுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடையின் ஏசி அறையில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் கேட்கும். மிக்சி ஓடும்போது, பஸ் ஸ்டாண்டில், நாதஸ்வரம் வாசிக்கும் கல்யாண மண்டபத்தில் போட்டுப் பாருங்கள். முதல் வாரம் அம்மா, "தட்டு கழுவுற சத்தம் மண்டையைப் பிளக்குது" என்று கழற்றி வைத்தார். பல வருடம் கேட்காத ஒலிகள் திரும்பி வரும்போது மூளைக்குப் பழகச் சில வாரம் ஆகும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினோம், இரண்டு முறை செட்டிங் மாற்றினோம். மூன்றாவது வாரம் ஆறொலிச் சோதனையில், "ஸ்ஸ்... பாம்பு மாதிரி" என்றார்.

இரண்டு காதிலும் மெஷின் போடுபவர்கள் ஒன்றை மட்டும் மாற்றினால், புதுசும் பழசும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது, ஒலியின் தன்மையும் ஒத்துப்போகாது. பணம் இடம் கொடுத்தால் சேர்த்து மாற்றுங்கள்.

பணம் இடம் கொடுக்காவிட்டால்: 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் இழப்பு 60 டெசிபலைத் தொட்டால் செவித்திறன் குறைபாடு உள்ளவர் கணக்கில் வருவார்கள். 55இல் இருந்தபோது தகுதி இல்லாத அம்மா, 70ஐத் தாண்டியதும் அந்த வரம்புக்குள் வந்துவிட்டார். வயதானவர்களுக்கு மாற்றுத் திறனாளி அடையாள அட்டையை ஒருமுறை மறுத்துவிட்டார்கள் என்று விட்டுவிடாமல், புது ஆடியோகிராமோடு மறுபடி கேளுங்கள். தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் 'காதொலிக் கருவி' என்று விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுத் திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் 'அடிப்' (ADIP) திட்டமும் இருக்கிறது. வருமான வரம்பு உண்டு. ஒருமுறை வாங்கியவர் அடுத்ததற்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வருடம்.

பழசை என்ன செய்வது?

ஓடும் நிலையில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். புது மெஷின் சர்வீசுக்குப் போகும் நாட்களில் வெறுங்காதோடு இருப்பதற்கு அது தேவலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் டப்பாவில் வைக்க வேண்டும், உள்ளேயே விட்டால் கசிந்து அரித்துவிடும்.

எதிர்வீட்டுத் தாத்தா, "அந்தப் பழசை எனக்குத் தாயேன்மா, போட்டுப் பாக்கறேன்" என்று கேட்டார். கொடுக்கலாம், ஆனால் அப்படியே எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதில் இருப்பது அம்மாவின் காதுக்கான அளவு, அவருக்கு அது போதாமலும் போகலாம், மிஞ்சிய சத்தமாகிக் காதைக் கெடுக்கவும் செய்யலாம். அவருக்கு 50 டெசிபல்தான் இழப்பு, மெஷினின் நிழலுக்குள் அழகாக உட்கார்ந்தது. அவர் காதுக்குப் புது மோல்டு எடுத்து, செட்டிங்கை மாற்றிக் கொடுக்கச் சொல்லி அதே ஆடியாலஜிஸ்டிடம் அனுப்பினோம். பேட்டரி ஆரஞ்சு, 13ஆம் நம்பர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார் அம்மா. ஸ்டிக்கரைக் காலண்டரில் ஒட்டச் சொல்லி அதன் கீழேயே ஒரு குறிப்பு.